கேரளத்தில் கள்ளுக்கு அனுமதி, சாராயத்துக்குத் தடை

புளித்த கள்ளையோ வெல்ல ஊறலையோ காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்து எடுப்பதே சாராயம். கொரியாவின் பாரம்பரிய சோஜுவும் அரிசி ஊறலிலிருந்து இதே முறையில் வடிக்கப்படுகிறது.

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் உரிமம் பெற்ற கடைகளில் கள் விற்கப்படுகிறது. பாலக்காட்டின் சித்தூர் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள் பிற மாவட்டங்களுக்கும் செல்கிறது. ஆனால், சாராய விற்பனைக்கு ஏ.கே. அந்தோணி தலைமையிலான அரசு 1996 ஏப்ரல் 1 முதல் தடை விதித்தது. தமிழகத்தில் கள், சாராயம் இரண்டுக்கும் தடை உள்ளது.

கள்ளச்சாராயத்தில் கலக்கப்படும் மெத்தனால், உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையையும் உயிரையும் பறிக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இதனால் உயிரிழந்தனர். நிறத்தாலோ மணத்தாலோ மெத்தனாலைப் பிரித்தறிவது கடினம். குடித்தவருக்குக் கண் மங்கினால் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.