கிளென் எக்கோவில் சனிக்கிழமை நடனம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க நம் குடியிருப்பிலிருந்து வருடா வருடம் பலர் போய் வருகிறார்கள். வாஷிங்டன் பக்கம் போகிறவர்களுக்குக் காட்டப்படும் இடங்களின் பட்டியல் அநேகமாக ஒன்றேதான்: வெள்ளை மாளிகையின் வேலி, லிங்கன் நினைவகம், விண்வெளி அருங்காட்சியகம், லான்ஹாம் சிவா விஷ்ணு கோயில். அந்தப் பட்டியலில் வராத ஓர் இடத்தைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். வாஷிங்டனுக்கு வடமேற்கே, போட்டோமாக் ஆற்றங்கரை மேட்டில், மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் கிளென் எக்கோ பூங்கா அது. ஒரு காலத்தில் ஊரே திரண்டு போன பொழுதுபோக்குப் பூங்கா. இன்று அங்கே ரோலர் கோஸ்டர் கிடையாது. ஆனால் வாரக் கடைசிகளில் 1930களின், 1940களின் இசைக்கு நூற்றுக்கணக்கானோர் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள்.

முதலில் அது எப்படிப் பூங்கா ஆனது என்பது. 1891இல் பால்ட்ஸ்லி என்ற இரட்டைச் சகோதரர்கள் அங்கே ஒரு கோடைக்கால அறிவு முகாம் தொடங்கினார்கள். சொற்பொழிவு, இசை, வகுப்புகள் என்று நம் ஊர் மார்கழி சபாவையும் புத்தகக் கண்காட்சியையும் கலந்த மாதிரி. மலேரியா பரவுகிறது என்று வதந்தி கிளம்பியது. ஒரே பருவத்தில் முகாம் படுத்துவிட்டது. பிறகு இடம் டிராம் கம்பெனியின் கைக்குப் போனது. சென்னையில் 1953 வரை டிராம் ஓடியது நம்மில் மூத்தவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். அமெரிக்க டிராம் கம்பெனிகளுக்கு ஒரு தலைவலி இருந்தது. வேலை நாட்களில் கூட்டம் தள்ளும், சனி ஞாயிறுகளில் வண்டி காலி. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, பாதையின் கடைசி நிறுத்தத்தில் ஒரு பூங்காவைக் கட்டிவிடுவது. கிளென் எக்கோ அப்படி வளர்ந்தது. 1921இல் குதிரை, முயல், நெருப்புக்கோழி, சிங்கம், புலி என்று மரத்தில் செதுக்கிய ஒரு குடை ராட்டினம் வந்தது. 1931இல் பெரிய நீச்சல் குளம். 1933இல் ஸ்பானிஷ் பால்ரூம் என்கிற நடனக் கூடம்.

அந்தக் கூடத்தின் ஆடுதளம் மட்டும் 7,500 சதுர அடி. நம் குடியிருப்பின் 1,200 சதுர அடி வீடுகள் ஆறினைச் சுவர் எடுத்துவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் இப்படி ஒன்றைக் கட்டத் துணிந்தார்கள் என்றால் நடனத்துக்கு அன்று இருந்த மோகத்தை ஊகித்துக்கொள்ளலாம். புகழ்பெற்ற இசைக்குழுக்கள் எல்லாம் அங்கே வந்து வாசித்தன. வாசித்தது ஸ்விங் இசை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் ஊத, பின்னால் டிரம்ஸ் உருட்ட, உட்கார்ந்திருப்பவர் காலும் தானாகத் தாளம் போடும்.

ஓரிரு வருடங்களுக்கு முன் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போயிருந்தோம். டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் புதியவர்களுக்கு ஒரு வகுப்பு. வட்டமாக நிற்கவைத்து ஆறு எண்ணிக்கை அடவைச் சொல்லித் தந்தார்கள்; கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றினார்கள். அது முடிந்ததும் மேடையில் இசைக்குழு ஏறியது. ஒலிநாடா இல்லை, ஆட்கள் வாசிக்கிறார்கள். அறிமுகம் இல்லாதவரிடம் போய் ஆட வருகிறீர்களா என்று கேட்பதுதான் அங்கே வழக்கம். கல்லூரிப் பையன் எழுபது வயது அம்மாளைக் கேட்டான். அவர் அவனைச் சுழற்றிவிட்டார். பழைய காலத்து உடையில் வந்தவர்கள் உண்டு, டீ-ஷர்ட்டில் வந்தவர்களும் உண்டு. வெள்ளையர், கறுப்பர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் கலந்து இருந்தார்கள். நான் சுவரோரம் நாற்காலியில்தான் இருந்தேன். முட்டி அப்படி. பூங்காவில் வைத்திருந்த வரலாற்றுப் பலகைகளை அன்று படிக்காமல் விட்டிருந்தால், அந்தக் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பியிருப்பேன்.

இப்படி இல்லை. 1960 வரை கறுப்பினத்தவர்கள் கிளென் எக்கோவில் ராட்டினம் ஏற முடியாது, குளத்தில் இறங்க முடியாது, அந்தக் கூடத்தில் ஆட முடியாது. இதில் கவனிக்கவேண்டியது, எங்கும் ஒரு பலகைகூடக் கிடையாது என்பது. நுழைவுச் சீட்டும் கிடையாது, ராட்டினங்களுக்குத்தான் சீட்டு. வானொலியிலும் பத்திரிகையிலும் வந்த விளம்பரங்கள் எல்லாரையும் வரவேற்றன. உள்ளே வந்தபின் காவலாளி தடுப்பார். எழுதாத விதிக்கு இருக்கும் வலு எழுதிய விதிக்குக் கிடையாது. எழுதினால் யாராவது அதைப் படித்துக் கேள்வி கேட்டுவிடலாம் இல்லையா. (வேலைக்கு வரும் அம்மாக்கள் எந்த லிஃப்டில் ஏறலாம், எந்த பெஞ்சில் உட்காரலாம் என்பதற்குப் பல அடுக்ககங்களில் எழுத்தில் எதுவும் இருக்காது. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.)

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூடத்தில் ஆடப்பட்ட நடனமே கறுப்பினத்தவர்கள் தந்தது. லிண்டி ஹாப் என்று அதற்குப் பெயர். 1920களின் கடைசியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்து, அங்கே 1926இல் திறந்த சவாய் என்ற நடன அரங்கில் வளர்ந்தது. சவாயில் இனம் பார்க்கவில்லை. நன்றாக ஆடுகிறாயா என்பதே கேள்வி. அங்கே ஆடியவர்களில் பிரான்கி மேனிங் என்ற இளைஞர் ஜோடியைத் தலைக்கு மேல் தூக்கி வீசும் அடவுகளைச் சேர்த்துப் பெயர் பெற்றார். இசைக்கும் அதே கதைதான். ஸ்விங் இசையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான டியூக் எலிங்டன் 1899இல் வாஷிங்டனிலேயே பிறந்தவர், கிளென் எக்கோவிலிருந்து சில மைல் தூரத்தில். அந்த ஊர்க் கறுப்பினக் குடும்பங்களுக்கு 1921 முதல் 1940 வரை சபர்பன் கார்டன்ஸ் என்று தனியாக ஒரு பூங்கா இருந்தது. கறுப்பினத்தவர்களே கட்டியது. அது மூடியபின், டிராமில் போகிற தூரத்தில் இருந்த பெரிய பூங்கா கிளென் எக்கோதான். குழந்தைகள் விளம்பரத்தைக் கேட்டுவிட்டு ஏன் நாம் போகக்கூடாது என்று கேட்டிருப்பார்கள். பெற்றோர் என்ன பதில் சொல்லியிருப்பார்களோ.

1960 பிப்ரவரியில் தெற்கே கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் போய் அமர்ந்தார்கள். நாடெங்கும் மாணவர்கள் அதைப் பின்பற்றினார்கள். வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களின் பெரிய கல்விக்கூடம். அங்கிருந்த மாணவர்கள் அகிம்சைச் செயல் குழு என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். அகிம்சை என்ற சொல் அவர்களுக்குப் புதிதில்லை. ஹோவர்டின் தலைவராக 1926 முதல் 1960 வரை இருந்த மோர்டெகாய் ஜான்சன் இந்தியாவுக்கு வந்து போனவர்; காந்தியைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவர். மார்ட்டின் லூதர் கிங் மாணவராக இருந்தபோது அவரைக் காந்தியின் பக்கம் திருப்பியதில் ஜான்சனின் ஒரு சொற்பொழிவுக்குப் பங்கு உண்டு.

1960 ஜூன் 30 அன்று அந்த மாணவர்கள் கிளென் எக்கோவுக்கு வந்தார்கள். தலைமை தாங்கியவர் லாரன்ஸ் ஹென்றி என்ற இறையியல் மாணவர். காவலாளி அவரிடம் உன் இனம் என்ன என்று கேட்டார். மனித இனம் என்று பதில் வந்தது. இந்த உரையாடல் ஒலிப்பதிவாகவே இருக்கிறது. வேறு சிலர் வாங்கித் தந்த சீட்டுகளோடு ஐந்து மாணவர்கள் குடை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்தார்கள். மறுநாளிலிருந்து வாசலில் மறியல்.

அந்த மறியலில் மாணவர்கள் தனியாக இல்லை. பூங்காவுக்குப் பக்கத்தில் பேனக்பர்ன் என்று ஒரு குடியிருப்பு. நம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் மாதிரி, 1940களில் சிலர் பணம் போட்டு ஒரு பழைய கோல்ஃப் மைதானத்தை வாங்கி வீடு கட்டிக்கொண்ட இடம். அரசு ஊழியர்கள், தொழிற்சங்கக்காரர்கள்; யூதர்கள் அதிகம். கோல்ஃப் கிளப்பின் கட்டடத்தைச் சமூகக் கூடமாக வைத்துக்கொண்டு வருடா வருடம் தாங்களே நாடகம் எழுதிப் பாடி ஆடுகிறவர்கள். ஹைமன் புக்பைண்டர் என்ற தொழிற்சங்கத் தலைவரும் அங்கே குடியிருந்தார். அந்தக் குடியிருப்பின் ஆண்களும் பெண்களும் பதாகை பிடித்து மாணவர்களோடு நடந்தார்கள். பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள். மேரிலாந்து கோடை என்றால் நம் சித்திரைக்கு அதிகம் குறைந்ததில்லை, புழுக்கம் வேறு. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல; அந்தப் பருவம் முடியும்வரை நடந்தார்கள். எதிரே அமெரிக்க நாஜிக் கட்சியினர் கையில் ஸ்வஸ்திகாப் பட்டையோடு வந்து எதிர் மறியல் செய்தார்கள். ஹிட்லரின் போர் முடிந்து பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது. யூதக் குடும்பங்கள் அந்தச் சின்னத்தைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கின்றன.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது ஒன்று. அந்தக் குடியிருப்புக்காரர்களுக்கு இதில் சொந்த லாபம் எதுவும் இல்லை. அவர்களைப் பூங்காவில் யாரும் தடுக்கவில்லை. நடந்து போகிற தூரத்தில் குளமும் ராட்டினமும் இருக்க, தங்கள் பிள்ளைகளுக்கு அதைத் தாங்களே மறுத்துக்கொண்டார்கள். சங்கப் பொதுக்குழுவில் தண்ணீர் லாரிக் கணக்குக்கே கோரம் சேராத நமக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

1961 வசந்தத்தில் பூங்கா எல்லாருக்கும் திறந்தது. கைதான ஐவரின் வழக்கு மட்டும் மேலே மேலே போய் 1964 ஜூன் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கைது செய்தவர் பூங்காவில் சம்பளம் வாங்கும் காவலாளி. ஆனால் மாவட்டத் துணை ஷெரிஃப் என்ற அரசுச் சின்னத்தையும் குத்தியிருந்தார். அரசின் அதிகாரத்தைக் காட்டித் தனியாருக்காக இனப் பாகுபாட்டை அமல்படுத்தினால் அது அரசே செய்த பாகுபாடு என்று சொல்லி நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பத்தே நாளில், ஜூலை 2 அன்று, குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. ஐவரில் ஒருவரான குவெண்டலின் கிரீன் பிற்காலத்தில் மேரிலாந்து மேலவையின் உறுப்பினரானார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. மறியல் நடந்த அதே 1960இன் தொடக்கத்திலேயே டிராம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வீடு காரும் தொலைக்காட்சியும் வந்தபின் பழைய மாதிரிப் பூங்காக்களுக்குக் கூட்டம் குறைந்தது. பெரிய இசைக்குழுக்களும் கலைந்துவிட்டன. எல்லாருக்கும் திறந்தபின் வெள்ளையரில் ஒரு பகுதியினர் வருவதை நிறுத்தியதும் ஒரு காரணம். அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறாகாது. 1968 பருவத்தோடு பூங்கா மூடியது. குடை ராட்டினத்தையும் விற்றுவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் 80,000 டாலர் திரட்டி அதைத் திரும்ப வாங்கினார்கள். இடம் 1971இல் மத்திய அரசின் வசம் வந்து தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பானது.

நடனம் திரும்பி வந்ததற்கு இன்னொரு கிளைக் கதை உண்டு. சவாய் 1958இல் மூடியது. கட்டடத்தை இடித்து அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். பிரான்கி மேனிங் அதற்கு முன்பே நடனத்தை விட்டுத் தபால் துறையில் சேர்ந்திருந்தார். முப்பது வருடம் அந்த வேலைதான். 1980களில் சுவீடனிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் பழைய படங்களில் அந்த ஆட்டத்தைப் பார்த்த இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எழுபது வயதில் மறுபடி கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர் 2009இல், 95ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன், இறக்கும்வரை உலகம் சுற்றினார். இன்று உலகில் எங்கே லிண்டி ஹாப் ஆடினாலும் அது பெரும்பாலும் அவரும் அவர் தலைமுறையினரும் நேரில் கொடுத்துவிட்டுப் போனதுதான். கிளென் எக்கோவின் கூடமும் இதற்கிடையில் பாழடைந்து, பிறகு மெல்லச் செப்பனிடப்பட்டது. 2003இல் பெரிய அளவில் புதுப்பித்து முடித்தார்கள்.

அங்கே சனிக்கிழமை ஆடுகிறவர்கள் கொண்டாடுவது 1940களை. அந்த நாற்பதுகளில் அந்தத் தளத்தில் யார் ஆடினார்கள் என்பதும், ஆட முடியாமல் போனவர்கள் யார் என்பதும் வெளியே பலகையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வளாகத்தில் வைத்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமைகளில் ஆடுவது கான்ட்ரா என்ற வரிசை நடனம். ஒருவர் மேடையில் நின்று அடுத்த அடவு என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கோலாட்டம் ஆடிப் பழகியவர்களுக்குச் சுலபமாக வரும். ஸ்விங் சனிக்கிழமைகளில். புதியவர்களுக்கான வகுப்பு ஆட்டத்துக்கு முன்னால் நடப்பதால் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள். ரப்பர் அடி வைத்த ஷூ மரத்தரையில் பிடிக்கும், முட்டிக்கு ஆகாது. பேரப்பிள்ளைகள் கூட வந்தால் மே முதல் செப்டம்பருக்குள் பகலிலேயே போங்கள். அந்தப் பழைய குடை ராட்டினம் அப்போது ஓடும். முயல் மேல் உட்காரப் போட்டி இருக்கும்.