உரலும் பொறியும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

தானியம் உணவாகும் வரலாறு பெரும்பாலும் பெண்ணுழைப்பின் வரலாறாகும். நெல் குற்றுதல், குரக்கன் திரித்தல், மா இடித்தல் என்பன உரலோடும் உலக்கையோடும் திரிகையோடும் பெண்கள் நாள்தோறும் ஆற்றிய பணிகள். இவற்றினிடத்தில் எளிய பொறி புகும்போது நேரும் விளைவு எல்லாவிடத்தும் ஒருதன்மைத்தன்று.

1970களின் தொடக்கத்தில் ஜாவாவில் சிறு நெல்லாலைகள் பரவியபோது, கூலிக்கு நெல் குற்றி வாழ்ந்த வறிய பெண்கள் வருவாய் இழந்தனர். வங்காளதேசத்திலும் காலால் மிதித்தியக்கும் உலக்கையின் இடத்தை ஆலை கைப்பற்றியபோது அதுவே நிகழ்ந்தது. அங்கு பொறி சுமையோடு பிழைப்பையும் நீக்கியது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களின் நிலை வேறு. அயற்கிராமத்துச் சிங்கள மக்கள் தாம் விளைத்த நெல்லை 'வங்கெடிய' எனும் உரலிற் குற்றினர். தோட்டத் தமிழருக்கோ வயலில்லை. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இறக்குமதியான அரிசியைத் தோட்ட நிருவாகம் வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் சம்பளத்தை அரிசி வழங்கலோடு இணைத்தே வகுத்தது. ஆகவே நெல் குற்றும் தேவை அங்கு அருகியது. லயங்களில் எஞ்சியவை மா இடிக்கும் உரலும் அம்மியும் ஆட்டுக்கல்லுமே.

1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரவு குன்றி, கோதுமை மா பங்கீட்டில் இடம்பெற்றது. நாளடைவில் ரொட்டி தோட்ட மக்களின் அன்றாட உணவாயிற்று. இம்மா அரைபட்டே வந்தமையால், விடியுமுன் அடுப்பு மூட்டிக் கொழுந்து மலைக்கோ பால்வெட்டுக்கோ விரையும் பெண்ணுக்கு அது பேருதவியே. ஆயினும் மிஞ்சிய நேரம் அவளுக்கு ஓய்வாகவில்லை. பகல் தோட்டத்துக்குரியது, மாலை நீருக்கும் விறகுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஆணுக்கு நிகரான நாட்சம்பளந்தானும் அவளுக்கு 1984 வரை கிட்டவில்லை.

மற்றொரு விளைவும் நோக்கற்பாலது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது பங்கீடு சுருங்கவே, தோட்டங்களிற் பட்டினியும் இறப்பும் பெருகின. உரல் இருந்தது, அதிலிட நெல் இல்லை. இக்குறை பொறியால் வந்ததன்று, நிலமின்மையால் வந்தது.

எனவே ஒரு பொறியின் பயனை அதன் வேகத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. தானியம் யாருடையது, குற்றியவர் கூலி பெற்றனரா, மிஞ்சிய நேரம் யாரைச் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். இவற்றுக்கான விடைகள் தோட்டக் கணக்கேடுகளில் அடங்கமாட்டா. உலக்கை பிடித்த மூதாட்டியர் நினைவுகளை அவர்கள் வாழும் காலத்திலேயே தொகுத்து வைத்தல் இளைய ஆய்வாளர் கடனாகும்.