மீதைல் புரோமைடு: வாசனை காட்டாத நச்சு வாயு

கரையான், மூட்டைப்பூச்சி, எலி போன்றவற்றை ஒழிக்க, கட்டடங்களைக் காற்றுப் புகாமல் மூடி உள்ளே செலுத்தப்பட்டு வந்த நச்சு வாயு மீதைல் புரோமைடு.

தன்மைகள்

இதற்கு நிறம் இல்லை. ஆபத்தான அளவில் இருந்தாலும் வாசனை தெரியாமல் போகலாம். காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால் தாழ்வான இடங்களில் தேங்கும். சுவர் விரிசல், குழாய்த் துளை வழியாகப் பக்கத்து வீட்டிற்கும் பரவும். ரப்பர் கையுறையையும் ஊடுருவும். எனவேதான் எச்சரிக்கைக்காக, கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரின் இதனுடன் சேர்க்கப்படுவதுண்டு.

பாதிப்புகள்

முதலில் தலைவலி, குமட்டல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் தோன்றும். கடுமையானால் வலிப்பு வரும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் வரலாம். இதற்கென முறிமருந்து கிடையாது. உயிர் பிழைத்தாலும் நரம்புப் பாதிப்பு நீடிக்கலாம்.

நடந்த சம்பவம்

அமெரிக்காவில் வீடுகளுக்குள் இதைப் பயன்படுத்த 1984-லேயே தடை வந்தது. ஆனாலும் 2015 மார்ச்சில், அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் இந்த வாயு செலுத்தப்பட்டது. மேல்தளத்தில் தங்கியிருந்த பெற்றோரும் இரு மகன்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். மருந்து அடித்தது அவர்களின் அறையில் அல்ல!

கவனிக்க வேண்டியவை

பக்கத்து வீட்டில் மருந்து அடித்தாலும் எந்த மருந்து, எப்போது திரும்பி வரலாம் என்று கேளுங்கள். வாயுவின் அளவைக் கருவியால் சோதித்து அனுமதிக்கும்வரை உள்ளே செல்லாதீர்கள். வாசனை இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் உடனே அனைவரும் வெளியேறி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்து அடித்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.