ஊருணியும் உறிஞ்சுகுழியும்

இராமநாதபுரத்துக் கிராமத்தின் ஊருணியையும், சென்னை வீட்டு வாசலில் சிமெண்டு மூடிக்கு அடியில் கிடக்கும் உறிஞ்சுகுழியையும் சேர்த்துப் பார்க்க எளிதில் தோன்றாது. முன்னதைத் தலைமுறைகள் வெட்டின. பின்னதை 2003-ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்புச் சட்டம் வெட்ட வைத்தது. முன்னது வானம் பார்த்துக் கிடக்கிறது; பின்னது கண்ணுக்கே படுவதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது ஒன்றே இரண்டுக்கும் பொது என்று தோன்றும். அருகில் போனால் வேறொன்றும் தெரிகிறது: இரண்டும் உப்போடு போராடுகின்றன.

இராமநாதபுரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். ஆகவே, பெய்த மழையை மண்ணுக்குள் இறங்க விடாமல் மேலேயே ஏந்தி வைக்கிறது ஊருணி. சென்னையின் கடலோரத்தில், திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான பகுதிகளில், நன்னீரை மிகுதியாக இறைத்தால் கடல்நீர் உள்ளே வரும். அங்கே மழையை மண்ணுக்குள் அனுப்பி உப்பைத் தள்ளி நிறுத்த உதவுகிறது உறிஞ்சுகுழி. பகை ஒன்றுதான், வியூகம் நேரெதிர்.

களிமண்ணின் பங்கும் இப்படித்தான் இடம் மாறுகிறது. ஊருணிக்குக் களிப்படுகைதான் பானையின் அடி. தூர் வாரும் உற்சாகத்தில் அளவு மீறித் தோண்டி அதைக் கிழித்துவிட்டால், நீர் வடிந்து போகும், அல்லது கீழுள்ள உவர் மேலே கசியும். குழிக்கோ களிமண் தடை. களிப்பாங்கான பகுதியில் மூன்றடி வெட்டி நிறுத்தினால் தண்ணீர் அங்கேயே தேங்கும். களியைத் தாண்டி மணலைத் தொட வேண்டும். அங்கே ஆழம் மிகுந்தால் கேடு, இங்கே குறைந்தால் கேடு. தூர் வாருவதையும் குழி வெட்டுவதையும் வெறும் மண்வேலை என்று ஒப்பந்தக்காரர் கையில் விட்டுவிடுவது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் தடுத்து நிறுத்தியது உடைமைக் கேள்வி. ஊருணி பொதுச்சொத்து, ஒப்புரவுக்கு வள்ளுவர் அதையே உவமையாக எடுத்தார். குழி தனிச்சொத்து, வீட்டுக்காரர் செலவில், அவர் மதிலுக்குள் இருப்பது. ஆனால் 'ஊர்' என்ற சொல்லுக்குள் எல்லாரும் அடங்கியிருக்கவில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று வகுத்த காலத்தில், பல ஊருணிகளில் இறங்க ஒரு சாராருக்கு உரிமை இல்லை. பிறர் முகந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். குழியின் கதை தலைகீழ். நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ.; அப்படியானால் ஒரு மாடியில் மட்டும் ஆண்டுக்கு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் விழுகிறது. அதில் எவ்வளவு குழிக்குள் இறங்கினாலும் அந்த வீட்டுக்காரர் தமக்கென்று பூட்டி வைக்க முடியாது. மண்ணுக்கு அடியில் மதில் இல்லை. பக்கத்து வீட்டுக் கிணறும் ஊறும், எதிர்த் தெருக் கைபம்பும் ஊறும், யார் எவர் என்று நீர் விசாரிப்பதில்லை. பொது என்று பெயர் பெற்றது சிலரை விலக்கியது. தனி என்று பெயர் பெற்றது எல்லாருக்கும் போய்ச் சேர்கிறது. ஒப்புரவுக்கு இன்று உவமை தேடினால் நான் குழியையே காட்டுவேன்.

காவல் என்று வரும்போது ஊருணியே மேல். செருப்போடு இறங்காதே, மாட்டைக் குளிப்பாட்டாதே, துணி துவைக்காதே என்ற கட்டுப்பாடுகளை எழுதி மாட்டத் தேவை இருக்கவில்லை. காலையில் படிக்கட்டில் குடம் வைத்திருக்கும் பெண்களின் கண்களே போதும். நீர் கலங்கலாக இருந்தால் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். குழிக்கு அந்தக் கண்கள் இல்லை. மூடியைத் திறந்தால் கூழாங்கல்லும் மணலும் சேறாகி இறுகிக் கிடக்கும். சில வீடுகளில் சலவை இயந்திரத்தின் சோப்புத் தண்ணீரும் மழைக்குழாயில்தான் இறங்குகிறது. ஊருணிப் படியில் ஒருவர் துணிக்குச் சோப்புப் போட்டால் ஊரே கேட்கும். அதே சோப்பு குழாய் வழியே எல்லாரும் குடிக்கும் ஊற்றில் கலக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆயினும் வேலை என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒன்றுதான். ஊருணிக்கு வரத்துக்கால், குழிக்கு மொட்டைமாடி. வரத்துக்காலில் மலம் கழித்துவிட்டு ஊருணியைக் காக்க முடியாது. புறா எச்சமும் சருகும் மண்டிய மாடியை வைத்துக்கொண்டு குழியைக் காக்க முடியாது. ஐப்பசி பிறக்குமுன் அங்கே கருவேல முள்ளை வெட்டி வாய்க்காலைச் செதுக்கி விடுகிறார்கள். இங்கே மாடியைப் பெருக்கி, குழி மணலை அள்ளிக் கழுவிப் போட்டு, முதல் மழையின் அழுக்கு நீர் வெளியேறும்வரை குழாயின் அடிமூடியைக் கழற்றி வைக்க வேண்டும். தண்ணீர் தெளிந்து வரத் தொடங்கியதும் மூடியைத் திருகிவிடலாம்.