ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடும் மோட்

பசங்க ஆன்லைனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற வீடுகளில் இந்த வசனம் பழகியிருக்கும்: "இந்த மோட் ஞாயித்துக்கிழமையோட போயிடும்ப்பா, அப்புறம் வராது." தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்கும். சாக்கு என்றுதான் நினைப்போம். ஆனால் உண்மையாகவே போய்விடும். இந்தக் கெடு எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1990களில் கெடுவே கிடையாது. 1996-ல் வந்த க்வேக் விளையாட்டுக்கு யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம், விதிகளை மாற்றலாம். ஆஸ்திரேலியாவில் மூன்று பேர் அதே வருடம் அப்படிச் செய்ததுதான் டீம் ஃபோர்ட்ரஸ். ஹாஃப் லைஃபை மாற்றி 1999-ல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் வந்ததும் இதே வழியில்தான். ஆட ஆள் இருக்கும்வரை ஆட்டமும் இருக்கும்.

2004 நவம்பரில் ஹேலோ 2 வந்தது. எக்ஸ்பாக்ஸில் பட்டனை அழுத்தினால் போதும், எதிராளிகளை அதுவே தேடிக் கொடுத்துவிடும். ரொம்ப வசதி. ஆனால் ஒரு சிக்கல். பத்து வகை ஆட்டம் வைத்தால் ஆட்கள் பத்து க்யூவில் பிரிந்து நிற்பார்கள், காத்திருக்கும் நேரம் நீளும். அதனால் எந்த ஆட்டம் எப்போது இருக்கும் என்பதைக் கம்பெனியே முடிவு செய்ய ஆரம்பித்தது. 2007-ல் வந்த ஹேலோ 3-ல் வாரக்கடைசிக்கு மட்டும் சிறப்பு ஆட்டங்கள் வைத்து, அதற்கு இரட்டைப் புள்ளியும் கொடுத்தார்கள். க்யூவைச் சமாளிக்க வந்த ஏற்பாடு, கூட்டம் சேர்க்கும் உத்தியாக மாறியது இங்கேதான் என்பது என் எண்ணம்.

2016-ல் ஓவர்வாட்ச் இதைப் பண்டிகைக் காலண்டராகவே ஆக்கிவிட்டது. ஒலிம்பிக்ஸ் நடந்த ஆகஸ்டில் கால்பந்து மாதிரி லூசியோபால், அக்டோபரில் ஹாலோவீனுக்கு ஒன்று, டிசம்பரில் பனி உருண்டைச் சண்டை.

அடுத்து ஃபோர்ட்நைட். 100 பேரில் ஒருவர் மிஞ்சும்வரை ஆடும் விளையாட்டில், 2017 டிசம்பரில் 50 பேர் கொண்ட இரண்டு அணிகளாக மோதவிட்டார்கள். 2018 மே மாதம் அவெஞ்சர்ஸ் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கையுறையை எடுப்பவர் தானோஸாக மாறும் மோட் ஒன்று. சுமார் ஒரு வாரம்தான். படத்துக்கும் விளம்பரம், விளையாட்டுக்கும் விளம்பரம்!

பப்ஜி மொபைலில் 2019 பிப்ரவரியில் ரெசிடென்ட் ஈவில் 2 ஸோம்பிகள் வந்ததை இந்தியாவில் பல பசங்க ஆடியிருப்பார்கள். 2020 செப்டம்பரில் அந்த விளையாட்டையே இங்கே தடை செய்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இதில் நல்லதும் உண்டு. கட்டடம் கட்டாமல் ஆடும் ஃபோர்ட்நைட்டை 2022 மார்ச்சில் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். வரவேற்பைப் பார்த்து அதே மாதம் நிரந்தரமாக்கினார்கள். பழைய மேப்பையே 2023 நவம்பரில் ஒரு மாதத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஒரே நாளில் 4 கோடிக்கு மேல் ஆட்கள் ஆடினார்கள் என்று கம்பெனி அறிவித்தது. பத்து, பன்னிரண்டு வயதில் ஆடிய இடத்தைப் பார்க்க வந்தவர்கள் அதில் எத்தனை பேரோ! ஊரைவிட்டு வந்த நமக்கு அது புரியாதா என்ன?

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். 1993-ல் வந்த டூம் விளையாட்டை இன்றைக்கும் ஓட்டிக் காட்டலாம். 2018-ல் ஆடிய தானோஸ் மோடை அப்படித் திறந்து காட்ட முடியாது. சர்வர் கம்பெனியிடம், சாவியும் அவர்களிடம். முதல் ஓவர்வாட்ச் முழுவதையுமே 2022 அக்டோபரில் மூடிவிட்டு இரண்டாவதைக் கொடுத்தார்கள். மிஞ்சியது யூட்யூப் வீடியோக்களும் ஆடியவர்களின் ஞாபகமும்தான்.

பையன் அவசரப்படுவது சோம்பேறித்தனத்தால் அல்ல, யாரோ வேண்டுமென்றே வைத்த கடிகாரம் அது. அதை அவனுக்கும் சொல்லுங்கள். திருச்சியில் இருக்கிற சித்தப்பா பையனோடு ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஆடுகிறான் என்றால், தோசை ஆறினாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த லீவுக்கு இருவரும் சந்திக்கும்போது அந்த ஆட்டம் இருக்காது :-(