ஒலிநாடாவின் வரலாறும் சிக்கலை விடுவிக்கும் முறையும்

வாயினின்று புறப்பட்ட சொல் காற்றோடு கலந்து மறைதல் இயற்கை. அதனைப் பற்றி நிறுத்தி, வேண்டும்போதெல்லாம் மீண்டும் கேட்கச் செய்தது அறிவியலின் அரும்பெரும் செயல்களுள் ஒன்று. நம் காலனி இல்லங்கள் பலவற்றில் பரண்மீதும் அலமாரியின் அடித்தட்டிலும் பழைய கேஸட்டுகள் இன்றும் உறங்குகின்றன. ஊரிலிருந்து பாட்டியார் பேசி அனுப்பிய வாழ்த்துரை, இன்று பணியிலிருக்கும் மகனின் அன்றைய மழலை, திருமண வீட்டு நாகஸ்வரம் ஆகியவை அவற்றினுள் உள்ளன. ஆனால் அவற்றை ஒலிக்கச் செய்ய வேண்டிய டெக் என்னும் பொறியோ அசைய மறுக்கிறது. அசைந்தாலும் நாடாவை விழுங்கிவிடுகிறது. ஆதலின் அப்பொறியின் வரலாற்றையும், அது சிக்கிக்கொள்ளும் காரணத்தையும் அறிந்துகொள்ளுதல் நமக்குப் பெரிதும் பயன் தரும்.

காந்தத்தின் துணையால் ஒலியைப் பதியும் முறையை முதன்முதல் செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டமார் போல்சன். 1898-இல் அவர் எஃகுக் கம்பியில் ஒலியைப் பதிந்தார். கம்பி முறுக்கிக்கொள்ளும், கையாளுதற்கு அரிது. 1928-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பார் மெல்லிய காகித நாடாவின்மீது இரும்புத் துகளைப் பூசி அவ்வேலையைச் செய்து காட்டினார். அவ்வழியைப் பின்பற்றி ஏ.இ.ஜி. நிறுவனத்தார் உருவாக்கிய மேக்னட்டோபோன் 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. எனினும் அவை பெருஞ் சக்கரங்களில் நாடாவைச் சுற்றி, கையால் கோத்து ஓட்ட வேண்டிய பொறிகள். பழகாதவர்க்கு அவை எளிதில் வசப்படவில்லை.

இக்குறையைத் தீர்த்தவர் பிலிப்ஸ் நிறுவனத்தின் பெல்ஜிய நாட்டு ஹாசெல்ட் தொழிலகத்தில் பணியாற்றிய லூ ஓட்டன்ஸ் என்னும் டச்சுப் பொறியாளர். சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதனையே தம் குழுவினர்க்கு அளவுகோலாக வைத்தார். 1963-இல் பெர்லினில் அக்கேஸட் உலகின் பார்வைக்கு வந்தது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பிற நிறுவனங்களும் கட்டணமின்றி அதனைச் செய்துகொள்ளப் பிலிப்ஸ் நிறுவனம் இசைந்தமையால் உலகெங்கும் ஒரே அளவு நிலைபெற்றது. 1979-இல் சோனியின் வாக்மேன் வந்தது. 1980-களில் நம் நாட்டிலும் கடைதோறும் கேஸட்டுகள் குவிந்தன. ஓட்டன்ஸ் 2021-இல் மறைந்தார்.

இனிப் பொறியின் இயக்கத்தைக் காண்போம். மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று சீரான வேகத்தில் சுழல்கிறது. அதற்குக் கேப்ஸ்டன் என்று பெயர். ரப்பர் உருளை ஒன்று நாடாவை அத்தண்டோடு அழுத்துகிறது. இவ்விரண்டுமே நாடாவை இழுக்கின்றன. இழுத்து விட்ட நாடாவைச் சுற்றிக்கொள்வது மற்றொரு சக்கரத்தின் கடமை. ரயில்வே குடும்பத்தார்க்கு ஓர் உவமை போதும்: வரும் வண்டிகளை யார்டு ஏற்றுக்கொள்ளாவிடில் லைன் முழுவதும் அடைபடுமன்றோ! அதுபோலச் சுற்றும் சக்கரம் நின்றும் கேப்ஸ்டன் ஓடுமாயின், ஒரே நிமிடத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் நாடா வெளியே தள்ளப்பட்டு உருளையைச் சுற்றிக்கொள்ளும்.

சக்கரம் ஏன் நிற்கிறது? பெரும்பாலும் குற்றம் நாடாவினுடையதன்று. மோட்டாரின் சுழற்சியைக் கொண்டு செல்லும் ரப்பர் பெல்ட் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கிறது; சில பொறிகளில் தார்போல உருகி ஒட்டிக்கொள்கிறது. நெம்புகோல்களில் இட்ட கிரீஸும் காய்ந்து பசையாகிறது. பொத்தான் அழுந்தாமையும் கதவு திறவாமையும் இதன் விளைவே. இதனை உணராது கேஸட்டைப் பிடித்து இழுப்போர் நாடாவை அறுத்துவிடுகின்றனர். அறுபடுவது நாடா மட்டுமன்று. மறைந்தவர் ஒருவரின் குரலுமாகும்.

செய்ய வேண்டிய முறை இது. முதற்கண் மின் இணைப்பைப் பிளக்கிலிருந்து நீக்கிச் சில நிமிடம் பொறுத்திருத்தல் வேண்டும். நிறுத்தும் பொத்தானை மெல்ல அழுத்திப் பார்க்கலாம். அசையாவிடில் மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றி, கேப்ஸ்டனோடு இணைந்த கனத்த சக்கரத்தை விரலால் பின்னோக்கி மெல்லச் சுழற்றினால், சுற்றிய நாடா தானே அவிழும். அவிழ்ந்ததைக் கேஸட்டினுள் சேர்க்க ஆறுபட்டைப் பென்சில் ஒன்றே போதும். பின்னர்ப் பழைய பெல்ட்டை நீக்கி, ஒட்டியிருக்கும் கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அளவொத்த புதிய பெல்ட்டை மாட்டுதல் வேண்டும். அதே திரவத்தால் ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடைக்கலாம். ரப்பர் உருளைக்குச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி ஏற்றது. காய்ந்த கிரீஸை வழித்தெடுத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத புதிய கிரீஸை அரிசியளவே இடுக. பெல்ட்டிலும் உருளையிலும் எண்ணெய் படலாகாது. மின்வேலை அறியாதார் இதனை ரிப்பேர் செய்வோரிடம் ஒப்படைப்பதே நன்று.

பழுது தீர்ந்தவுடன் அருமையான கேஸட்டை இட்டுவிடுதல் கூடாது. பயனற்ற ஒன்றை இருபுறமும் முழுதும் ஓட்டிப் பார்த்த பின்னரே மற்றதை இடுக. அறுந்த நாடாவை ஒட்டுவதற்கு அதற்கென்றே உள்ள ஒட்டுநாடா உண்டு. சாதாரணச் செல்லோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றுகளையும் பற்றிக்கொள்ளும். கேஸட்டின் கூடு உடைந்திருப்பின், திருகாணியிட்ட வேறொரு கூட்டினுள் நாடாவை மாற்றி வைக்கலாம்.

ஓடத் தொடங்கிய அன்றே அதனைக் கணினியில் பதிந்துகொள்க. பேசியவர் யார், எவ்வாண்டு, எந்த ஊர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உடன் எழுதி வைக்க. அக்குரல் யாருடையது என்று சொல்லக்கூடியவர் இன்று நம்மிடையே உள்ளனர். பொறிக்குப் புதிய பெல்ட் கடையில் கிடைக்கும். அவர்களுடைய நினைவுக்கு மாற்று எங்கும் கிடைப்பதில்லை.