பிழை எங்கே பொருள் பெறுகிறது?

ஒரு செயற்கூறு கண்டறியும் பிழையின் முழுப்பொருள் அச்செயற்கூற்றுக்குத் தெரியாது. அதை அழைத்த நிரலுக்கே தெரியும். ஜான் குடினஃப் 1975இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது. சூழலே பொருளைத் தீர்மானிக்கிறது என்பது மொழியியலாருக்குப் பழகிய கருத்துதான்.

பார்பரா லிஸ்கோவ் குழுவினர் 1970களில் வடிவமைத்த சிஎல்யூ மொழி இதைக் கண்டிப்புடன் பின்பற்றியது. விதிவிலக்கை நேரடியாக அழைத்த நிரலே ஏற்க வேண்டும்; அது தானாக மேலே செல்லாது. பின்வந்த ஜாவா முதலிய மொழிகள் இத்தடையைத் தளர்த்தின. கையாளப்படாத விதிவிலக்கு அழைப்படுக்கில் படிப்படியாக மேலேறலாம் என்றாயிற்று. வலைச்செயலிகளில் மையப் பிழைக்கையாளல் தோன்ற வழிவிட்டது இத்தளர்வே. எந்த விதிவிலக்குக்கு எந்தப் பக்கம் என்பதை ஒரே அமைப்புக்கோப்பில் எழுத 1999இன் சர்வ்லெட் 2.2 வரையறை இடமளித்தது; 2012இல் ஸ்பிரிங் 3.2 அப்பொறுப்பைத் தனி வகுப்பு ஒன்றிடம் ஒப்படைக்க வகைசெய்தது. முறையாகப் பயன்படுத்திய இடங்களில், தரவுத்தள அட்டவணைப் பெயர்கள் பயனரின் திரையில் வந்து கொட்டும் அவலம் நீங்கியது.

ஆனால் மையம் சூழலை அறியாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ஏவூர்தியில், 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்று 16 பிட் முழு எண்ணில் அடங்கவில்லை. இத்தகைய விதிவிலக்கு எழுந்தால் பதிவுசெய்துவிட்டுக் கணினியை நிறுத்திவிடு என்பதே அங்கிருந்த பொதுவிதி. விதிவிலக்கு என்றாலே வன்பொருள் பழுது என்று வடிவமைத்தோர் கருதியிருந்தனர். விதி பிசகாமல் செயல்பட்டது. மாற்றுக் கருவியும் அதே காரணத்தால் சற்று முன்னரே நின்றுபோயிருந்தது. சுமார் 40 நொடியில் ஏவூர்தி சிதறியது. பிழை தந்த அந்தக் கணக்கீடோ, ஏவூர்தி தரையை விட்டு எழுந்தபின் தேவையே இல்லாதது.